ஈசிஜி நார்மல், ட்ரோபோனின் நெகட்டிவ், வலி மட்டும் நிற்கவில்லை: அடுத்து எந்தப் பரிசோதனை?

சென்னை சென்ட்ரல் எதிரே உள்ள அரசுப் பொது மருத்துவமனையானாலும் சரி, புறநகரில் இருக்கும் சிறிய நர்சிங் ஹோமானாலும் சரி, நெஞ்சுவலி என்று வருபவருக்கு முதல் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்தாக வேண்டும். அதில் எஸ்டி பகுதி ஏறியிருந்தால் (பெரிய மாரடைப்பின் அடையாளம்) அடுத்து என்ன செய்வது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. குழப்பம் இன்னொரு வகை நோயாளியிடம் வருகிறது. ஈசிஜியில் ஒன்றும் தெரியவில்லை, முதல் ட்ரோபோனின் (இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்) நெகட்டிவ், ஆனால் மனிதர் வியர்த்துப்போய் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "கேஸ் ட்ரபிளா இருக்கும், ஒரு பான்டோபிரசோல் போட்டுப் பாருங்க" என்ற யோசனை இந்த நேரத்தில்தான் எழுகிறது.

அப்போது கையில் இருக்கும் வழிகள் இவை: காத்திருந்து ஈசிஜியையும் ட்ரோபோனினையும் திரும்ப எடுப்பது, படுக்கையருகே அல்ட்ராசவுண்ட், எக்ஸ்ரே, டி-டைமர் (ரத்த உறைவு கரையும்போது ஏறும் பொருளை அளக்கும் ரத்தப் பரிசோதனை), ஏதாவது ஒரு வகை சிடி. எது உயர்ந்தது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. தேர்வு செய்ய ஒரு அளவுகோல் உண்டு: இப்போது தரப்போகும் மருந்து தவறான நோய்க்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? மாரடைப்புக்கும் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்புக்கும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பரின் தேவை. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால் அதே ஹெப்பரின் உயிரைப் பறிக்கும். அந்தக் கிழிசலுக்குத் தரும் பீட்டா பிளாக்கர் (நாடியையும் அழுத்தத்தையும் குறைக்கும் மருந்து), நுரையீரல் அடைப்பால் திணறும் இதயத்தின் வலது கீழறையை நிறுத்திவிடக்கூடும். ஆகவே இரண்டு நோய்களுக்கான மருந்துகள் எங்கே எதிரெதிராக இருக்கின்றனவோ, அந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் பரிசோதனைதான் முதலில் வர வேண்டும்.

எந்தப் பரிசோதனைக்கும் முன்னால்

வலி தொடங்கிய விதத்தைக் கேட்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. "சட்டுனு ஒரே அடியா வந்துச்சா, கொஞ்சம் கொஞ்சமா ஏறுச்சா? அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" மகாதமனி கிழியும்போது, அதாவது அயோர்டிக் டிசெக்ஷனில், பெரும்பாலும் வலி தொடங்கும் நொடியே உச்சத்தில் இருக்கும். பைக்கை ஸ்டாண்ட் போட்டபோது, குடத்தைத் தூக்கியபோது என்று அந்தக் கணத்தையே நோயாளி சொல்லிவிடுவார். மாரடைப்பு வலி பெரும்பாலும் சில நிமிடங்களில் ஏறும். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது, எப்படித் தொடங்கியது என்ற மூன்றையும் கேட்காமல் விட்டால் டிசெக்ஷனை நினைக்கவே தோன்றாது.

"முதல்ல வாந்தியா, முதல்ல வலியா?" வாந்திக்குப் பின் வலி என்றால் உணவுக்குழாய் பக்கம் யோசிக்க வேண்டும். "மீன் சாப்பிட்டீங்களா? முள்ளு சிக்கின மாதிரி இருந்துச்சா?" இது சென்னையில் விடக்கூடாத கேள்வி. "இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கயாவது ஊசி போட்டீங்களா, மாத்திரை சாப்பிட்டீங்களா?" இதைக் கேட்பதற்கான காரணம் பின்னால் வருகிறது.

ஜெல்லுசில் குடித்ததும் வலி குறைந்தது, நாக்கடியில் வைத்த நைட்ரேட்டில் குறைந்தது என்பதை நோய் கண்டறியப் பயன்படுத்தக் கூடாது. உணவுக்குழாய் இறுக்கமும் நைட்ரேட்டுக்கு இளகும். உண்மையான மாரடைப்பு வலியும் ஆன்டாசிட் குடித்த நேரத்தில் தற்செயலாகத் தணியும்.

அடுத்தது இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம். மேல் அளவில் 20 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அது கணக்கில் வரும். ஆனால் இதை அளப்பதில் அடிக்கடி தவறு நடக்கிறது. வலது கையை டிரையாஜில் (வந்ததும் பார்க்கும் இடத்தில்) ஒரு மெஷினால் அளந்து, இடது கையை அரை மணி நேரம் கழித்து மானிட்டரில் அளந்தால் வரும் வித்தியாசத்துக்கு அர்த்தமில்லை. ஒரே கஃப், ஒரே மெஷின், அடுத்தடுத்து அளவு, பிறகு ஒருமுறை திருப்பிச் சரிபார்த்தல் என்பதே முறை. டயாலிசிஸ் ஃபிஸ்டுலா உள்ள கையில் அளக்கக் கூடாது. வித்தியாசம் உறுதியானாலும் டிசெக்ஷன் என்று முடிவு கட்டிவிட முடியாது. நம் நாட்டில் இளம் பெண்களிடம் காணப்படும் டகாயாசு தமனி அழற்சியிலும், வயதான சர்க்கரை நோயாளிக்குக் கைத்தமனி சுருங்கியிருந்தாலும் இதே வித்தியாசம் வரும். அதேபோல இரண்டு கையும் சமமாக இருப்பதால் டிசெக்ஷன் இல்லை என்றும் ஆகாது.

காத்திருந்து திரும்பப் பார்ப்பது

மலிவான வழி, பலருக்கு இதுவே சரியான வழி. ஆனால் சும்மா காத்திருப்பதை இதில் சேர்க்க முடியாது. வலி இருக்கும்வரை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஈசிஜி எடுக்க வேண்டும். தாளின் மேல் மெஷின் அச்சிடும் "நார்மல்" என்ற வார்த்தையை நம்பாமல் கண்ணால் படிக்க வேண்டும். வி1 முதல் வி3 வரை உள்ள லீடுகளில் (மார்பில் ஒட்டும் ஈசிஜி முனைகள்) எஸ்டி லேசாக இறங்கியிருந்தால் அது இதயத்தின் பின்சுவர் மாரடைப்பாக இருக்கலாம். வி6 இருக்கும் அதே மட்டத்தில், இடது அக்குளின் பின்கோட்டில் வி7, தோள்பட்டை எலும்பின் கீழ் நுனியில் வி8, முதுகெலும்பின் இடது ஓரத்தில் வி9 என்று லீடுகளை வைத்துப் பாருங்கள். அங்கே அரை மி.மீ. ஏற்றமே போதுமான சான்று.

வலி நின்ற பிறகும் ஒரு ஈசிஜி எடுத்தே ஆக வேண்டும். வி2, வி3 லீடுகளில் டி அலை பாதி மேலும் பாதி கீழுமாகவோ, முழுக்கத் தலைகீழாகவோ இருந்தால் அது வெல்லன்ஸ் வடிவம். இடது முன் இறங்கு தமனியின் தொடக்கத்தில் கடும் அடைப்பு இருப்பதற்கான அடையாளம். அது தெரிவதே வலி இல்லாத நேரத்தில்தான். "வலி போயிடுச்சு, வெளியில ஒரு டிஎம்டி பண்ணிட்டு வாங்க" என்று இவரை அனுப்புவது ஆபத்து. டிரெட்மில்லில் ஓடும்போதே மாரடைப்பு வரலாம். இவருக்கு வேண்டியது ஆஞ்சியோ.

ட்ரோபோனினில் எந்த வகை என்பது முக்கியம். சிறிய மருத்துவமனைகளில் ஒரு சொட்டு ரத்தம் விட்டுக் கோடு பார்க்கும் கார்டு டெஸ்ட், வலி தொடங்கிய முதல் சில மணி நேரத்தில் நெகட்டிவ் காட்டினால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆய்வகத்தின் உயர் உணர்திறன் ட்ரோபோனின் வேறு ரகம். அதை 0 மணி, பிறகு 1, 2 அல்லது 3 மணி நேரத்தில் எடுத்து, மாறுதலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெட்டு அளவுகள் ஒவ்வொரு தயாரிப்பாளரின் கிட்டுக்கும் வேறு என்பதால், ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் அளவோடு ஒப்பிடக் கூடாது. வலி தொடங்கி 3 மணி நேரம் ஆகாதவருக்கு ஒரே ஒரு அளவு போதாது.

இன்னொரு பக்கமும் உண்டு. டிசெக்ஷன், நுரையீரல் அடைப்பு, இதயத்தசை அழற்சி, சிறுநீரகச் செயலிழப்பு எல்லாவற்றிலும் ட்ரோபோனின் ஏறும். பாசிட்டிவ் வந்ததும் யோசிக்காமல் ஹெப்பரினை எடுப்பது இந்தப் பிரிவில் நடக்கும் பெரிய விபத்துகளில் ஒன்று. ஹார்ட் ஸ்கோர் (நெஞ்சுவலிக்காரரின் ஆபத்தை மதிப்பெண்ணாகத் தரும் கணக்கு) மூன்றுக்குள் இருக்கிறது என்று நிம்மதி அடைபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஸ்கோர் இதயத் தமனி ஆபத்தை மட்டும் அளக்கிறது. மகாதமனி பற்றியோ நுரையீரல் பற்றியோ அது எதுவும் சொல்வதில்லை.

மெதுவாக ஏறிய அழுத்த வலி, நாடி, அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் சீர், ஸ்கோர் குறைவு என்றால் காத்திருங்கள். ஒரே அடியாக வந்த வலி, மயக்கம், முதுகுக்கு ஓடும் வலி, காரணம் புரியாத வேக நாடி, 95க்குக் கீழே ஆக்சிஜன் என்று ஏதாவது ஒன்று இருந்தாலும் காத்திருப்பு சரியான தேர்வு இல்லை.

படுக்கையருகே அல்ட்ராசவுண்ட்

எல்லா வழிகளையும் ஒப்பிட்டால், எங்கள் கணிப்பில் செலவிடும் நிமிடத்துக்கு அதிகப் பலன் தருவது இதுதான். கதிர்வீச்சு இல்லை, நோயாளியை நகர்த்த வேண்டியதில்லை, திரும்பத் திரும்பப் பார்க்கலாம்.

மார்பெலும்பின் இடது ஓரத்தில் நீளவாட்டில் வைத்தால் மகாதமனியின் வேர் தெரியும். அது 4 செ.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ, உள்ளே ஒரு சவ்வு ஆடினாலோ, கலர் டாப்ளரில் வால்வு வழியே ரத்தம் பின்னோக்கி ஒழுகினாலோ டிசெக்ஷனை நோக்கிப் போங்கள். அதே காட்சியில் இதய உறையில் நீர் தெரியும். குறுக்குவாட்டில் திருப்பினால் இரண்டு கீழறைகளும் தெரியும். வலது கீழறை வீங்கி நடுச்சுவரைத் தள்ளி, இடது கீழறை ஆங்கில டி எழுத்து போல ஆகியிருந்தால் நுரையீரல் அடைப்பு முன்னுக்கு வருகிறது. பழைய சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய்ச் சுருக்கம்) நோயாளிக்கும் வலது கீழறை பெரிதாக இருக்கும். அவருக்கு அதன் சுவர் தடித்திருக்கும்.

பிறகு நுரையீரல். மார்பின் முன்பக்கம் இரண்டு புறமும் வைத்து, நுரையீரல் உறை வழுக்கி நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் நியூமோதோராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுதல்) சந்தேகம். படுத்த நிலை எக்ஸ்ரேயைவிட இது நம்பகமானது. மூச்சுத்திணறலும் அழுத்த வீழ்ச்சியும் சேர்ந்து டென்ஷன் நியூமோதோராக்ஸ் (அந்தக் காற்று இதயத்தை நெருக்கும் நிலை) என்று தோன்றினால் எந்தப் படத்துக்கும் காத்திருக்கக் கூடாது. பெரியவர்களுக்கு 4 அல்லது 5ஆம் விலா இடைவெளியில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால் ஊசி இறக்க வேண்டும். இதைக் கண்டுகொள்ளாமல் மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டுக் காற்றை அழுத்தி ஏற்றினால் இதயம் நின்றுவிடும். கடைசியாக வயிற்றில் மகாதமனி, தொடைமடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் உறைவு இருக்கிறதா என்று சிரையை அழுத்திப் பார்த்தல்.

குறை என்ன? பார்ப்பவரின் கையைப் பொறுத்தது. மார்பின் வழியாகப் பார்க்கும்போது மகாதமனியின் ஒரு பகுதிதான் கண்ணில் படும். ஆகவே இந்தக் கருவி "இருக்கிறது" என்று சொன்னால் நம்பலாம். "இல்லை" என்று சொன்னால் நம்பக் கூடாது.

எக்ஸ்ரே பற்றிச் சுருக்கமாக. எடுங்கள், ஆனால் அதை வைத்து டிசெக்ஷனைத் தள்ளிவிடாதீர்கள். கணிசமான பேருக்குப் படம் நார்மலாகவே இருக்கும். போர்ட்டபிள் மெஷினில் முன்பக்கத்திலிருந்து படுக்கவைத்து எடுத்த படத்தில் எல்லாருக்குமே நடுமார்பு அகலமாகத் தெரியும். எக்ஸ்ரேயின் உண்மையான பயன் வேறு இடத்தில்: உதரவிதானத்தின் கீழே காற்று, தோலுக்கடியில் காற்று, இடது பக்கம் புதிதாக நீர், நிமோனியா. உதரவிதானக் காற்றைத் தேடுவதென்றால், முடிந்தவரை 5 முதல் 10 நிமிடம் நிமிர்ந்து உட்காரவைத்துவிட்டு எடுக்க வேண்டும்.

டி-டைமர்: கேட்கும் முன் யோசிக்க வேண்டியது

"இல்லை" என்ற பதில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடத் தயாராக இருக்கும் நோயாளிக்கு மட்டும்தான் டி-டைமர் கேட்க வேண்டும். எப்படியும் சிடி எடுக்கப் போகிறோம் என்றால் அது நேர விரயம். சந்தேகமே இல்லாதவருக்குக் கேட்டால், ஏறியிருக்கும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு தேவையில்லாத சிடியில் போய் நிற்போம்.

நுரையீரல் அடைப்புக்கான சந்தேகம் குறைவாக இருந்தால் பெர்க் விதி. வயது 50க்குக் கீழ், நாடி 100க்குக் கீழ், ஆக்சிஜன் 95 அல்லது மேல், இருமலில் ரத்தம் இல்லை, ஈஸ்ட்ரோஜன் மாத்திரை இல்லை, முன்பு ரத்த உறைவு இல்லை, ஒரு கால் மட்டும் வீக்கம் இல்லை, நான்கு வாரத்துக்குள் அறுவையோ பெரிய அடியோ இல்லை. எட்டும் பொருந்தினால் டி-டைமரே வேண்டாம். பொருந்தாவிட்டால் கேளுங்கள். 50 வயதுக்கு மேல் வெட்டு அளவு வயதின் பத்து மடங்கு. 68 வயதுக்காரருக்கு 680.

டிசெக்ஷனுக்கு வேறு கணக்கு. ஆபத்தான பின்னணி (மார்ஃபான் என்னும் பரம்பரை இணைப்புத்திசு நோய், குடும்பத்தில் மகாதமனி நோய், தெரிந்த வால்வு நோய் அல்லது வீக்கம், அண்மையில் மகாதமனியில் செய்த சிகிச்சை), ஆபத்தான வலி (திடீர், கடுமை, கிழிப்பது போன்றது), ஆபத்தான உடல் அடையாளம் (நாடி அல்லது அழுத்த வித்தியாசம், நரம்புக் குறைபாடு, புதிய வால்வுக் கசிவு ஒலி, ஷாக்). ஒவ்வொரு வகைக்கும் ஒரு மதிப்பெண். மொத்தம் 0 அல்லது 1, கூடவே டி-டைமர் 500க்குக் கீழே என்றால் டிசெக்ஷன் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதை 2018இல் வெளியான அட்வைஸ்ட் ஆய்வு காட்டியது. 2 அல்லது 3 என்றால் டி-டைமரைத் தொடாமல் நேரே சிடி. இந்த வழி ஏமாற்றும் இடங்களும் உண்டு: சுவருக்குள்ளேயே ரத்தம் உறைந்து நிற்கும் ஹீமட்டோமா, சிறிய கிழிசல், வலி தொடங்கிப் பல நாள் கழித்து வருபவர், ஏற்கெனவே ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்.

இப்போது லேப் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்து அலகு எழுதியிருக்கும் பத்தியைப் பாருங்கள். மேலே சொன்ன 500 என்பது எஃப்இயு அலகில் மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம். சில லேப்கள் டிடியு அலகில் தருகின்றன; அதில் இதற்கு நிகரான அளவு ஏறத்தாழ 250. டிடியுவில் 400 என்று வந்த ரிப்போர்ட்டை "500க்குள்ளதானே இருக்கு" என்று வாசித்தால், பாசிட்டிவான ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இன்னும் சில லேப்கள் மைக்ரோகிராமில் 0.5 என்று அச்சிடும். உங்கள் லேப் எந்த அலகில் தருகிறது என்பதை எழுதி டியூட்டி ரூம் சுவரில் ஒட்டிவையுங்கள்; லேப் கிட் மாறும்போது அதையும் மாற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டி-டைமரின் பயன் இன்னும் சுருங்கும். டெங்கு, நிமோனியா, காசநோய், புற்றுநோய், கர்ப்பம், அண்மை அறுவை எல்லாம் அதை ஏற்றிவிடும். காய்ச்சல் வார்டில் படுத்திருப்பவருக்கு அதைக் கேட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்?

சிடி என்றால் எந்த சிடி?

கோரிக்கைச் சீட்டில் "நெஞ்சுவலி, சிடி மார்பு வித் கான்ட்ராஸ்ட்" என்று எழுதினால் டெக்னீஷியன் வழக்கமான மார்பு சிடி எடுத்துத் தருவார். அதில் மருந்து (அதாவது கான்ட்ராஸ்ட், ரத்தக்குழாயைப் படத்தில் எடுத்துக்காட்டும் திரவம்) நுரையீரல் தமனியிலும் உச்சத்தில் இருக்காது, மகாதமனியிலும் இருக்காது. இரண்டு கேள்விக்கும் பாதிப் பதில்தான் வரும். எனவே நோயின் பெயரை எழுதுங்கள்.

நுரையீரல் அடைப்பைத் தேடுவது சிடி பல்மனரி ஆஞ்சியோ. மருந்து பிரதான நுரையீரல் தமனியை அடையும் நொடியில் படம் தொடங்கும். இதற்கு முழங்கை மடிப்பில் 18 கேஜ் பச்சை வென்ஃப்ளான் (சிரையில் போடும் ஊசிக்குழாய்) வேண்டும். நொடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகத்தில் மருந்து போக வேண்டும். புறங்கையில் நீல நிற 22 கேஜோடு அனுப்பினால் ஸ்கேன் அறையில் திருப்பி அனுப்புவார்கள், அல்லது தெளிவில்லாத படம் வரும். "நல்லா மூச்ச இழுத்துப் பிடிங்க" என்று சொல்வதிலும் ஒரு சிக்கல். ஆழமாக இழுக்கும்போது கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து மருந்து கலக்காத ரத்தம் பாய்ந்து வந்து, தமனியில் மருந்து நீர்த்துப்போகும். கர்ப்பிணிகளிடம் இது அதிகம். சாதாரணமாக மூச்சைப் பிடித்தால் போதும்.

டிசெக்ஷனைத் தேடுவது சிடி அயோர்ட்டோகிராம். முதலில் மருந்தில்லாமல் ஒரு ஓட்டம். சுவருக்குள் உறைந்த ரத்தம் வெளிர் பிறையாகத் தெரிவது அதில்தான். பிறகு மருந்தோடு, முடிந்தால் ஈசிஜியோடு இணைத்து. இணைக்காமல் எடுத்தால் இதயத் துடிப்பின் அசைவால் மகாதமனி வேரில் இரட்டைக் கோடு தெரிந்து, இல்லாத கிழிசல் இருப்பது போலத் தோன்றும். கழுத்திலிருந்து தொடைமடிப்பு வரை எடுக்கச் சொல்லுங்கள். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் காலுக்கும் போகும் கிளைகள் கிழிசலில் மாட்டியிருக்கின்றனவா என்பது அறுவை மருத்துவருக்கு முதலிலேயே தேவை.

மூன்றையும் ஒரே ஸ்கேனில் பார்த்துவிடும் "ட்ரிபிள் ரூல் அவுட்" கேட்பதற்கு நன்றாக இருக்கும். நடைமுறையில், இதயத் தமனிகள் தெளிவாகத் தெரிய நாடி ஏறத்தாழ 65க்குள் வர வேண்டும், அதற்குப் பீட்டா பிளாக்கர் தர வேண்டும், மருந்தும் கதிர்வீச்சும் கூடும், நோயாளி அசையாமல் மூச்சுப் பிடிக்க வேண்டும். நடுராத்திரியில் வலியில் துடிப்பவரிடம் இது நடக்காது. எங்கள் தேர்வு: ஒரு நோயின் மேல் சந்தேகம் கூடுதலாக இருந்தால் அதற்கான சிடி. டிசெக்ஷனும் நுரையீரல் அடைப்பும் சமமாக உறுத்தினால், இரண்டு தமனிகளிலும் மருந்து நிறைந்திருக்கும்படி நேரத்தை அமைக்க முடியுமா என்று ரேடியாலஜிஸ்டிடம் போனில் நேரடியாகப் பேசுங்கள். ட்ரிபிள் என்பதை அரிதாகவே எடுக்க வேண்டும்.

"கிரியாட்டினின் வரட்டும்" என்று சிறுநீரகப் பரிசோதனைக்காகச் சிடியை நிறுத்திவைப்பது டிசெக்ஷன் சந்தேகத்தில் சரியல்ல. மேலேறும் மகாதமனியில் கிழிசல் என்றால் தொடக்க மணி நேரங்களில் ஒவ்வொரு மணிக்கும் ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கணக்கு. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்பதற்காக ஸ்கேனைத் தள்ளிவைக்க வேண்டாம். சிறுநீரகம் மிகவும் பழுதாகியிருந்தால் ஸ்கேனுக்குப் பின் அந்த மாத்திரையை 48 மணி நேரம் நிறுத்தினால் போதும்.

அழுத்தம் விழுந்து, சிடி மேசைக்கே கொண்டுபோக முடியாதவருக்கு உணவுக்குழாய் வழி எக்கோ நல்ல மாற்று. மூச்சுக்குழாய் குறுக்கே வருவதால் மேலேறும் மகாதமனியின் மேல்பகுதி அதில் மறையும். எம்ஆர்ஐ துல்லியமானது, அவசரத்துக்கு ஆகாது. கர்ப்பிணிக்குக் கால் வீங்கியிருந்தால் முதலில் கால் டாப்ளர். உறைவு தெரிந்தால் சிடி இல்லாமலே சிகிச்சை தொடங்கலாம்.

உணவுக்குழாய்: எல்லாரும் கடைசியில் நினைப்பது

பலமாக வாந்தி எடுத்ததும் மார்பில் கடும் வலி, கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று காற்று. 1724இல் ஹெர்மன் போர்ஹாவே விவரித்த உணவுக்குழாய் வெடிப்பு இது. மூன்று அடையாளங்களும் சேர்ந்து வருவது குறைவு. குடித்துவிட்டு வாந்தி எடுத்தவர், இடது மார்பில் நீர், காய்ச்சல், ஈசிஜி நார்மல் என்ற கூட்டு இன்னும் பயனுள்ள துப்பு. அந்த நீரை எடுத்தால் அமைலேஸ் என்ற செரிமான நொதி ஏறியிருக்கும், சில சமயம் சோற்றுப் பருக்கையே வரும்.

இங்கே நான்கு வழிகள். பேரியம் (எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் திரவம்) விழுங்கவைப்பது முதல் வழியாக இருக்கக் கூடாது. ஓட்டை வழியே நடுமார்பில் கசிந்தால் கடும் அழற்சி வரும். நீரில் கரையும் அயோடின் மருந்து பாதுகாப்பானது. ஆனால் புரையேறும் நிலையில் இருப்பவருக்கு அடர்த்தி மிகுந்த காஸ்ட்ரோகிராஃபின் நுரையீரலில் இறங்கினால் நீர் கோத்துவிடும், அவருக்கு அயனியற்ற வகைதான். எண்டோஸ்கோப்பி நேரடியாகக் காட்டும், ஆனால் உள்ளே செலுத்தும் காற்று கிழிசலைப் பெரிதாக்கலாம். நீரில் கரையும் மருந்தைச் சிறிது விழுங்கவைத்து எடுக்கும் சிடிக்கே எங்கள் வாக்கு. ஓட்டை, காற்று, சீழ், நீர் எல்லாம் ஒரே படத்தில் தெரியும். சந்தேகம் தவறாக இருந்தால் வேறு காரணமும் தெரியும்.

மீன் முள் இதிலிருந்து சற்று வேறு. முள் சிக்கியதும் வெறும் சோற்றை உருண்டை பிடித்து விழுங்குவது, வாழைப்பழம் விழுங்குவது நம் வீடுகளில் வழக்கம். அது முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைக்கும். இரண்டு நாள் கழித்து "நெஞ்சு நடுவுல குத்துது" என்று வருவார், மீனை மறந்திருப்பார். எக்ஸ்ரேயில் மீன் முள் பெரும்பாலும் தெரியாது. மருந்தில்லாத, மெல்லிய வெட்டு சிடியில் தெரியும். மருந்து விழுங்கவைத்துவிட்டால் அந்த வெள்ளையில் முள் மறைந்துவிடும். முள் மகாதமனி வளைவை ஒட்டி இருந்தால் உடனே எண்டோஸ்கோப்பியில் இழுக்காமல் சிடி அயோர்ட்டோகிராம் எடுத்து, இதய அறுவைக் குழுவிடம் பேசிய பிறகே தொட வேண்டும். நடுமார்பு வலி, ஒருமுறை கொஞ்சமாக ரத்த வாந்தி, பிறகு சில மணி நேரமோ சில நாட்களோ அமைதி, பிறகு வெள்ளமாக ரத்தம். முள் தமனியைத் துளைத்தவரிடம் காணும் வரிசை இது. அந்த முதல் சிறு ரத்த வாந்தியை "அல்சர்" என்று அனுப்பிவிடக் கூடாது.

வேறு சில

வலது கீழ்மார்பு வலி, தோள்பட்டைக்கு ஓட்டம், காய்ச்சல்: கல்லீரல் சீழ்க்கட்டியைப் பாருங்கள். அமீபாக் கட்டி நம் ஊரில் இன்னும் வருகிறது. இடது மடலில் இருந்தால் இதய உறைக்குள் வெடிக்கலாம். அல்ட்ராசவுண்ட் கையில் இருக்கும்போதே கல்லீரல்மேல் ஒருமுறை வைத்துவிடுங்கள். கணைய அழற்சி சந்தேகத்துக்கு ரத்தத்தில் லைபேஸ் அளவைப் பாருங்கள்.

ஊசி போட்டார்களா என்று கேட்டதன் காரணம் கூனிஸ் சிண்ட்ரோம். ஒவ்வாமையின்போது வெளிப்படும் பொருட்கள் இதயத் தமனியைச் சுருங்கவைக்கின்றன. கிளினிக்கில் டைக்ளோஃபெனாக்கோ ஆன்டிபயாட்டிக்கோ போட்ட சில நிமிடத்தில் தடிப்பும் நெஞ்சுவலியும் சேர்ந்து வந்தால் இதை நினைக்க வேண்டும். அனஃபிலாக்சிஸ் இருந்தால் தசையில் அட்ரினலின் 0.5 மி.கி. தருவதைத் தள்ளிப்போடக் கூடாது. வலிக்கு மார்ஃபினைவிட ஃபென்டனில் நல்லது, மார்ஃபின் ஹிஸ்டமினை வெளியேற்றும்.

பிரசவமான சில வாரங்களில் நெஞ்சுவலியோடு வரும் பெண்ணுக்கு இதயத் தமனி தானாகக் கிழிந்திருக்கலாம். வயது குறைவு என்பதற்காக ட்ரோபோனினை ஒருமுறையோடு நிறுத்தாதீர்கள். முன்னால் சாய்ந்தால் குறையும் வலி, பல லீடுகளில் எஸ்டி ஏற்றம், பிஆர் இறக்கம் இருந்தால் இதய உறை அழற்சி. அங்கே நீர் அதிகம் சேர்ந்திருந்தால் காசநோயைத் தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பட்டையாக எரிச்சல், சட்டை பட்டாலே கூச்சம் என்றால் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். அக்கிக் கொப்புளம் வலிக்குச் சில நாள் கழித்துத்தான் வரும்.

சிடி இல்லாத இடத்தில்

இங்கே தேர்வு மாறுகிறது: எதைச் செய்துவிட்டு அனுப்புவது, எதைச் செய்யாமல் அனுப்புவது?

தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தால், நெஞ்சுவலிக்காரர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்துக்கொண்டு வரலாம். மாரடைப்புக்கு அது சரியான ஏற்பாடு. பின்னால் டிசெக்ஷன் என்று தெரிந்தால், எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்பதை அறுவைக் குழுவிடம் சொல்லியாக வேண்டும்; ரத்தக்கசிவைச் சமாளிக்க அவர்கள் தயாராக வேண்டும்.

மாத்திரையைத் தாண்டி ஹெப்பரினுக்கோ, உறைவைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸுக்கோ போகும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். கிழிசல் வலது இதயத் தமனியின் வாயை அடைத்தால் ஈசிஜியில் கீழ்ச்சுவர் மாரடைப்பாகவே தெரியும். தொடக்கம் எப்படி, இரண்டு கை அழுத்தம், கை கால் பலவீனம், மகாதமனி வேர் என்ற நான்கையும் பார்த்துவிட்டு மருந்தை ஏற்றுங்கள். நுரையீரல் அடைப்பு வாய்ப்பு அதிகம், டிசெக்ஷன் அடையாளம் எதுவும் இல்லை, ரத்தக்கசிவு ஆபத்தும் இல்லை என்றால் சிடிக்கு முன்பே ஈனாக்ஸபாரின் (ஹெப்பரின் வகை ஊசி) கிலோவுக்கு 1 மி.கி. தரலாம். சிறுநீரகம் பழுதானவருக்கு சாதாரண ஹெப்பரின். இரண்டு நோயும் சந்தேகத்தில் இருந்தால் சிடி வரை நிறுத்திவையுங்கள்.

டிசெக்ஷன் என்றே வலுவாகத் தோன்றினால் வண்டி ஏறும் முன்பே சிகிச்சை தொடங்க வேண்டும். முதலில் வலிக்கு ஃபென்டனில். பிறகு பீட்டா பிளாக்கர்: எஸ்மோலால் கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் ஒரு நிமிடத்தில், தொடர்ந்து நிமிடத்துக்கு கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். அது இல்லையென்றால் லேபெட்டலால் 20 மி.கி. மெதுவாக. நாடி 60க்குள், மேல் அழுத்தம் 100 முதல் 120க்குள். நைட்ரோகிளிசரின் போன்றவை அதற்குப் பிறகுதான். முதலிலேயே கொடுத்தால் நாடி வேகமெடுத்துக் கிழிசல் நீளும். இதய உறையில் ரத்தம் சேர்ந்திருந்தாலோ அழுத்தம் ஏற்கெனவே விழுந்திருந்தாலோ பீட்டா பிளாக்கர் வேண்டாம்.

108ஐக் கூப்பிடும்போதே, போய்ச் சேரும் இடத்தில் சிடியும் இதய அறுவைக் குழுவும் அந்த நேரத்தில் இருக்கிறார்களா என்று போனில் உறுதி செய்யுங்கள். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக அறுவை வசதி இல்லாத இடத்துக்கு அனுப்பினால் மறுபடியும் ஒரு ஆம்புலன்ஸ் ஏற வேண்டியிருக்கும். சீட்டில் வலி தொடங்கிய நேரம், இரண்டு கையின் அழுத்தம், எடுத்த எல்லா ஈசிஜியும் நேரத்தோடு, கொடுத்த மருந்துகள், வென்ஃப்ளான் எந்தக் கையில் என்பதை எழுதி, "டிசெக்ஷன் சந்தேகம், ஹெப்பரின் தரப்படவில்லை" என்பதைச் சிவப்பு மையில் மேலே எழுதி அனுப்புங்கள்.